பள்ளிக்கூடம் முதல்ல வந்துச்சா, மில்லு முதல்ல வந்துச்சா?

கடலூர் ஓ.டி.யில (பழைய டவுன்) இருந்து பாலிடெக்னிக் படிக்கப் போற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். மணி அடிச்சா உள்ள போறது, வரிசையில நிக்கறது, அட்டெண்டன்ஸ், யூனிஃபார்ம் எல்லாமே ஃபேக்டரி மாதிரியே இருக்கே, பள்ளிக்கூடங்கறதே முதலாளிங்க தங்களுக்கு அடங்கி நடக்கற ஆளுங்கள தயார் பண்ண கண்டுபிடிச்சதுன்னு ஒரு வீடியோல சொன்னாங்க, அது நெஜமா, அப்படின்னா இப்ப பாண்டில மில்லெல்லாம் மூடிட்டாங்களே இனிமே படிச்சு என்ன ஆகப்போவுதுன்னு. நான் ஐ.டி.ஐ.ல ஃபிட்டர் ட்ரேடு பசங்களுக்கு சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவன், ஃபேக்டரிக்கு ஆள் தயார் பண்றதே என் வேலையா இருந்துச்சு, அதனால இதுக்கு ஒரு வரில பதில் சொல்லிட்டுப் போக மனசு வரல, கொஞ்சம் பொறுமையா படிங்க தம்பி.

சுருக்கமா மொதல்ல சொல்லிடறேன். படிப்புக்கும் தொழிலுக்கும் ரொம்ப நெருக்கமான தொடர்பு இருக்கு, அதுல சந்தேகமே இல்ல, ஆனா அந்த வீடியோல சொன்ன வரிசை தப்பு. முதல் முதல்ல வந்த மில்லுங்களுக்கு படிச்ச ஆளே தேவைப்படல, அதுங்க புள்ளைங்கள பள்ளிக்கூடத்துல இருந்து இழுத்துனு போச்சுங்க.

இங்கிலாந்தையே எடுத்துக்குங்க, ஃபேக்டரி பொறந்த ஊரு. ஆர்க்ரைட்னு ஒருத்தர் கிராம்ஃபோர்டுங்கற ஊர்ல தண்ணில ஓடற நூல் மில்ல 1771ல கட்டறார். அந்த நாட்டுல எல்லாப் புள்ளைங்களும் பள்ளிக்கூடம் போயே ஆகணும்னு சட்டம் வந்தது 1880ல, ஃபீஸ் எடுத்தது 1891ல. நடுவுல நூறு வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு. அந்த நூறு வருஷத்துலதான் உலகத்துக்கே துணி நெய்ஞ்சு அனுப்பினாங்க, ரயில் விட்டாங்க, நம்ம ஊரு தறியெல்லாம் அடங்கிப்போச்சு. 1840 வாக்குல அங்க கல்யாணப் பதிவேட்டுல மாப்பிள்ளைங்கள்ல மூணுல ஒருத்தருக்கும் பொண்ணுங்கள்ல பாதிப் பேருக்கும் கையெழுத்து போடத் தெரியாது, வெறும் கோடு போட்டுட்டுப் போனாங்க. அறுந்த நூல முடிச்சுப் போடறதுக்கும் மிஷினுக்கு அடியில பூந்து பஞ்சு பெருக்கறதுக்கும் சின்னக் கையி போதும், எழுத்து எதுக்கு? மில்லுல வேலை செய்யற புள்ளைங்களுக்கு தெனம் ரெண்டு மணி நேரமாவது பாடம் நடத்தணும்னு 1833ல பார்லிமெண்ட் சட்டம் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு. ராபர்ட் ஓவன்ங்கற மில் முதலாளி மாதிரி ஒருத்தர் ரெண்டு பேர்தான் தானா முன்வந்து, ஸ்காட்லாந்துல நியூ லனார்க்குல 1816ல மில்லுப் பக்கத்துலயே பள்ளிக்கூடம் தொறந்தாங்க.

அதுக்கும் மேல, ஏழைங்க படிக்கறதப் பார்த்து மேல இருக்கறவங்க பயந்தாங்க. 1807ல ஊருக்கு ஊரு பள்ளிக்கூடம் வைக்கணும்னு ஒரு மசோதா வந்தப்போ டேவிஸ் கிட்டின்னு ஒரு எம்.பி. எழுந்து, கூலிக்காரங்களுக்கு படிப்பு சொல்லிக்கொடுத்தா தன் நெலமைய வெறுக்க ஆரம்பிப்பாங்க, நல்ல வேலைக்காரனா இருக்க மாட்டாங்க, கலகம் பண்ற துண்டுச்சீட்டெல்லாம் படிப்பாங்கன்னு பேசினார். அந்த மசோதா தோத்துப்போச்சு. அடங்கி நடக்கற ஆள உருவாக்கத்தான் பள்ளிக்கூடம்னா அந்த எம்.பி. எதுக்கு பயப்படணும், யோசிச்சுப் பாருங்க.

இதுல நம்ம பக்கத்து ஆளுங்க தெரிஞ்சுக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு, எனக்கு இத சொல்றதுல ரொம்ப சந்தோஷம். இங்கிலாந்துல ஏழைப் புள்ளைங்களுக்கு கூட்டமா பாடம் நடத்தற முறை எங்க இருந்து போச்சு தெரியுமா? மெட்ராஸ்ல இருந்து. ஆண்ட்ரூ பெல்னு ஒரு பாதிரியார் 1789ல எழும்பூர்ல சோல்ஜர்களோட அனாதைப் பசங்க பள்ளிக்கு பொறுப்பேத்துக்கறார், வாத்தியார் பத்தல, ஒரு நாள் நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துல பசங்க மணல்ல விரலால எழுதறதப் பார்த்துட்டு அதையே தன் பள்ளில கொண்டாந்து, பெரிய பையனே சின்னப் பையனுக்கு சொல்லிக்கொடுக்கற மாதிரி ஏற்பாடு பண்ணார், அதான் நம்ம சட்டாம்பிள்ளை முறை. 1797ல அதப் பத்தி லண்டன்ல அச்சுல வெளியிட்டார். அப்புறம் 'மெட்ராஸ் சிஸ்டம்'ங்கற பேர்லயே ஊரூரா பரவிச்சு, 1811ல அதுக்குன்னு ஒரு தேசிய சங்கமே ஆரம்பிச்சாங்க. ஒரு வாத்தியார் நூத்துக்கணக்கான பசங்கள வச்சு நடத்தற அந்த முறையத்தான் ஃபேக்டரி மாதிரி இருக்குன்னு சொல்றாங்க, ஆனா அது பொறந்தது எந்த ஃபேக்டரியிலயும் இல்ல. இன்னொண்ணையும் மறைக்காம சொல்லணும், அந்த பெல்லே ஏழைப் புள்ளைங்க எல்லாருக்கும் எழுதறதும் கணக்கும் சொல்லித்தரத் தேவையில்லன்னு எழுதினவர்.

சரி, அப்போ நம்மகிட்டயே எல்லாம் இருந்துச்சேன்னு பெருமையா நிறுத்திக்கவும் முடியாது. மெட்ராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ 1822ல மெட்ராஸ் ராஜதானி முழுக்க கணக்கெடுக்கச் சொன்னார், தென்னாற்காட்டு ஜில்லாவும் அதுல உண்டு. மொத்தம் 12,498 பள்ளிக்கூடம், 1,88,650 புள்ளைங்க. அந்தக் காலத்துக்கு இது குறைச்சல் இல்ல. ஆனா அதுல பொம்பளப் புள்ளைங்க 4,540 பேர்தான், சேரிப் புள்ளைங்களுக்கு அந்தத் திண்ணையில எடமே இல்ல. அதனாலதான் சகஜானந்தர்ங்கற சாமியார் 1916ல சிதம்பரத்துல நந்தனார் பள்ளிக்கூடத்த ஆரம்பிக்க வேண்டியிருந்துச்சு. அவர் அத எந்த மில்லுக்கு ஆள் அனுப்பறதுக்காகவும் ஆரம்பிக்கல தம்பி. பண்ணைக்கு ஆளா பொறந்த புள்ள பண்ணைக்கு ஆளாவே சாகக் கூடாதுன்னு ஆரம்பிச்சார்.

மத்த நாடுங்களையும் ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடலாம். ஸ்வீடன்ல 1686லயே சர்ச் சட்டம், எல்லாரும் வேதம் வாசிக்கத் தெரிஞ்சிருக்கணும்னு, அப்ப அங்க ஃபேக்டரியும் இல்ல ஒண்ணும் இல்ல, ஏழை நாடு. பிரஷ்யாங்கற பழைய ஜெர்மன் ராஜ்யத்துல ராஜா 1763ல கட்டாயக் கல்வி உத்தரவு போடறார், அதுவும் விவசாய நாடுதான், அவருக்கு வேண்டியது விசுவாசமான குடிங்க, 1806ல நெப்போலியன்கிட்ட அடி வாங்கின பிறகு இன்னும் தீவிரமா எறங்கினாங்க. இதுல அடங்கி நடக்கணும்ங்கற எண்ணம் இருந்துச்சுதான், அந்த வீடியோ அந்த அளவுக்கு சரி, ஆனா அடங்க வேண்டியது ராஜாவுக்கும் சர்ச்சுக்கும், முதலாளிக்கு இல்ல. ஜப்பான்ல 1872ல சட்டம் வருது, ஃபீஸும் கட்டணும் புள்ளையும் வேலைக்குப் போகக் கூடாதுன்னா நாங்க எப்படி சாப்பிடறதுன்னு விவசாயிங்க கோவப்பட்டு சில எடத்துல பள்ளிக்கூடத்தையே கொளுத்தினாங்க, 1900ல ஃபீஸ ரத்து பண்ண பிறகு ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள நூத்துக்கு தொண்ணூறு புள்ளைங்க வர ஆரம்பிச்சாங்க. இப்படி ஒவ்வொரு எடத்துலயும் தள்ளினது வேற வேற கை.

பாண்டிக்கு வருவோம். பிரான்ஸ்ல 1881ல ஆரம்பக் கல்வி இலவசம், 1882ல ஆறு வயசுல இருந்து பதிமூணு வயசு வரைக்கும் கட்டாயம். அதே கொடி பறந்த நம்ம ஊர்ல சவானா மில்லு ஓடுச்சு, 1898ல ரோடியர் மில்லு வந்துச்சு, கெப்ளே மில்லு ஓடுச்சு, நீலத் துணி கப்பல் கப்பலா ஆப்பிரிக்காவுக்குப் போச்சு. மில்லு வந்ததால ஊரு படிச்சுதா? இல்ல. பக்கத்துல பிரிட்டிஷ் இந்தியாவுல 1881 ஃபேக்டரி சட்டம் ஏழு வயசுப் புள்ளைய ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம்னு சொல்லுச்சு, அதுவே அன்னைக்கு பெரிய சீர்திருத்தம். பாண்டில எட்டு மணி நேர வேலை வேணும்னு கேட்டதுக்கு 1936 ஜூலை 30ஆம் தேதி சுட்டாங்க, 12 தொழிலாளிங்க செத்தாங்க, அதுக்கப்புறம்தான் எட்டு மணி நேரம் சட்டமாச்சு. அந்தப் போராட்டத்த வழிநடத்தின வ. சுப்பையா 1934லயே 'சுதந்திரம்'னு பத்திரிகை ஆரம்பிச்சிருந்தார். எழுத்து தெரிஞ்ச தொழிலாளி என்ன பண்ணுவான்னு 1807ல அந்த எம்.பி. பயந்தாரே, அது சரியாத்தான் நடந்துச்சு, நடந்தது நல்லதுக்குத்தான்.

அப்போ படிப்புக்கும் தொழிலுக்கும் தொடர்பு எங்கதான் வருதுன்னு கேப்பீங்க. அது ரெண்டாவது கட்டத்துல வருது, கெமிக்கல், கரண்டு, நுணுக்கமான மிஷின்னு தொழில் மாறினப்போ. இதுக்கு நம்ம நெலத்துலயே ஒரு சாட்சி இருக்கு, அவுரிச் செடி. தென்னாற்காடு ஒரு காலத்துல அவுரிக்கு பேர் போன ஜில்லா, செடிய தொட்டில ஊறப்போட்டு, கலக்கி, வண்டல் எடுத்து கட்டி கட்டியா நீலம் வரும், பாண்டி நீலத் துணிக்கு சாயம் அதுதான். ஜெர்மனில என்ன நடந்துச்சு பாருங்க. லீபிக்னு ஒரு விஞ்ஞானி கீசன்ங்கற ஊர்ல 1824ல இருந்தே மாணவர்கள லேப்ல நிக்க வச்சு கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தார், அந்த வழியில பல தலைமுறை கெமிஸ்ட்டுங்க வந்தாங்க, அவங்களுக்குக் கீழ எழுத்தும் அளவும் தெரிஞ்ச சாதாரண வேலைக்காரங்க இருந்தாங்க. செயற்கைச் சாயத்த மொதல்ல கண்டுபிடிச்சது 1856ல பெர்கின்னு ஒரு இங்கிலீஷ் பையன், பதினெட்டு வயசு, ஆனா தொழில் இங்கிலாந்துல நிக்கல, ஜெர்மனிக்குப் போயிடுச்சு, ஏன்னா அங்கதான் ஆளு இருந்தாங்க. பேயர்ங்கற விஞ்ஞானி 1880ல நீலத்த லேப்ல உண்டாக்கினார், அத மலிவா பண்ற வழி தெரிய இன்னும் பதினேழு வருஷம் கம்பெனி கெமிஸ்ட்டுங்க கூட்டமா வேலை செஞ்சாங்க, 1897ல பி.ஏ.எஸ்.எஃப்.னு ஒரு ஜெர்மன் கம்பெனி செயற்கை நீலத்த சந்தைக்கு விட்டுச்சு. கொஞ்ச வருஷத்துல நம்ம பக்கம் அவுரி போட்டவங்க எல்லாம் வேற பயிருக்குப் போயிட்டாங்க.

நல்லா கவனிங்க தம்பி, இங்க அவுரி விவசாயி சோம்பேறியா இருந்ததால தோக்கல, மண்ணு கெட்டுப்போகல. எங்கயோ ரைன் நதிக்கரையில அறுவது எழுவது வருஷமா பள்ளிக்கூடத்துலயும் லேப்லயும் போட்ட பணம் வந்து கடலூர் வயல்ல அடிச்சுது. எனக்கு இத நெனச்சா இப்பவும் வயிறு எரியும்.

அந்த மாதிரி தொழில் நம்ம ஜில்லாவுக்கு வந்தது நெய்வேலில. கம்பெனி 1956ல பதிவாச்சு, 1957ல சுரங்கம் தோண்ட ஆரம்பிச்சாங்க, 1961ல நிலக்கரி கண்ணுல பட்டுச்சு, 1962ல கரண்டு. நிலக்கரிக்கு அடியில தண்ணி பயங்கர அழுத்தத்துல இருக்கு, அத ராத்திரி பகலா பம்பு பண்ணி எறக்கலன்னா சுரங்கமே தண்ணில முழுகிடும். மண்ண வெட்டற பெரிய சக்கர மிஷின் ஜெர்மனிக்காரன் டிசைன், அனல் மின் நிலையம் ரஷ்யாக்காரன் உதவி. இங்க ஒரு ஷிஃப்டு ஆளு போகும்போது பிரஷர் எவ்ளோ, டெம்பரேச்சர் எவ்ளோ, எந்த வால்வு மூடியிருக்குன்னு லாக்புக்குல எழுதிட்டுப் போகணும், அடுத்த ஷிஃப்டு ஆளு அதப் படிச்சுட்டுத்தான் கை வைக்கணும். தப்பா எழுதினா உயிரு போகும். இங்க எழுத்து அலங்காரம் இல்ல, அது ஒரு டூல்.

என் அனுபவத்துல இருந்து ஒண்ணு சொல்றேன். ஃபிட்டர் பசங்களுக்கு மொதல்ல வெர்னியர் காலிப்பர்னு நுணுக்கமா அளவெடுக்கற கருவிய சொல்லித் தருவோம், 0.02 மில்லிமீட்டர் வரைக்கும் படிக்கலாம். ஃபைல் புடிக்கறது, ஹாக்ஸா ஓட்டறது எல்லாம் பழகப் பழக எந்தப் பையனுக்கும் வந்துடும், கை சீக்கிரம் கத்துக்கும். ஆனா அஞ்சாவது ஆறாவதுல தசமம் புரியாம தாண்டி வந்த பையன் இருப்பான் பாருங்க, அவனுக்கு 12.36க்கும் 12.4க்கும் எது பெருசுன்னே சட்டுன்னு வராது, அவன்கிட்ட வெர்னியர கொடுத்தா முழிப்பான், பாவம் அவமானமா இருக்கும் அவனுக்கு. அதுக்கு சாயந்திரம் உக்கார வச்சு திரும்ப அஞ்சாவது கணக்குல இருந்து ஆரம்பிக்கணும். எந்த ஃபேக்டரியும் அதுக்கு நேரம் கொடுக்காது, ட்ரெயினிங்ல மிஷின சொல்லித்தருவாங்க, தசமத்த சொல்லித்தர மாட்டாங்க. ஊர்ல நடுநிலைப் பள்ளில ஒரு டீச்சர் பொறுமையா கட்டம் போட்டு சொல்லிக்கொடுத்தது, பத்து வருஷம் கழிச்சு லேத்துல ஒரு ஷாஃப்டா வெளிய வருது. படிப்புக்கும் தொழிலுக்கும் நடுவுல இருக்கற உண்மையான சங்கிலி இதுதான், ரொம்ப நீளம், கண்ணுக்குத் தெரியாது, அதனாலதான் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு செலவு பண்றத வீண்னு நெனக்கறாங்க.

இப்ப தமிழ்நாட்டுல நடந்த பெரிய சண்டைய சொல்லாம விட்டா பதில் முழுசாகாது. இங்கிலாந்துல 'அரை நேரத்துப் புள்ளைங்க'ன்னு ஒரு ஏற்பாடு, 1844 சட்டத்துல இருந்து, பாதி நாள் மில்லு பாதி நாள் பள்ளிக்கூடம். லங்காஷயர் பக்கம் அது எழுவது வருஷத்துக்கு மேல ஓடுச்சு, மத்தியானம் கிளாஸ்ல புள்ளைங்க தூங்கி விழுந்தாங்க, 1918 சட்டத்துலதான் ஒழிச்சாங்க. நம்ம ஊர்ல 1953ல ராஜாஜி பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டுல அப்பன் தொழில கத்துக்கன்னு திட்டம் கொண்டாந்தார். ஒரே பள்ளிக்கூடத்துல ரெண்டு ஷிஃப்டு வைக்கலாம், செலவில்லாம நெறைய புள்ளைங்களுக்கு எடம் கிடைக்கும்னு அவர் பக்கத்து நியாயம். ஆனா இங்க அப்பன் தொழில்னா ஜாதித் தொழில், செருப்பு தைக்கறவர் புள்ள செருப்பே தைக்கணும்னு ஆகுது. ஊரு கொதிச்சுது, குலக்கல்வின்னு பேர் வச்சாங்க, 1954ல ராஜாஜி விலகினார், காமராஜர் வந்து அத எடுத்துட்டார். 1956ல மதிய உணவு. சோறு போட்டு புள்ளைய முழு நாளும் உக்கார வச்சார்.

என் அபிப்பிராயத்துல தமிழ்நாட்டுத் தொழில் வளர்ச்சிக்கு போட்ட அஸ்திவாரத்துல எந்த சிப்காட்ட விடவும் இது பெருசு. ஃபேக்டரிக்கு என்ன வேணும்? அப்பன் செஞ்சத விட்டுட்டு வேற வேலை செய்யத் தயாரா இருக்கற ஆள் வேணும். ஜாதி பார்க்காம ஒரே பெஞ்சுல, சரி கொஞ்சமாவது பார்க்காம, பக்கத்துல உக்காந்து பழகின ஆள் வேணும். அவங்கள எந்த முதலாளியும் உருவாக்கல, மதியச் சோத்துக்கு வந்த புள்ளைங்கதான் அவங்க. அவங்களோட பேரப் புள்ளைங்கதான் இன்னைக்கு ஸ்ரீபெரும்புதூர் ஒரகடம் லைன்ல நிக்கறாங்க. இந்தியாவுல ஃபேக்டரில வேலை செய்யற பொம்பளைங்கள்ல நூத்துக்கு நாப்பதுக்கு மேல தமிழ்நாட்டுலதான்னு 2019-20 அரசாங்க சர்வே சொல்லுச்சு. முப்பது நாப்பது வருஷம் முன்னாடியே பள்ளிக்கூடம் வந்து காத்திருந்துச்சு, கார் கம்பெனி அப்புறம்தான் வந்துச்சு. தென் கொரியாவுலயும் இதே வரிசைதான், 1960 வாக்குல ரொம்ப ஏழை நாடு, ஆனா கிட்டத்தட்ட எல்லாப் புள்ளைங்களும் ஆரம்பப் பள்ளில, ஃபேக்டரி ஏற்றுமதி எல்லாம் அதுக்குப் பின்னாடி.

காங்கிரஸ் தலைவர் கோகலே 1911லயே கட்டாயக் கல்வி மசோதா கொண்டாந்தார் தம்பி, 1912ல 38 ஓட்டுக்கு 13ன்னு தோக்கடிச்சாங்க. கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது 2010ல. அந்த நூறு வருஷம் நமக்கு என்னெல்லாம் போச்சுன்னு யாரும் கணக்கு போட முடியாது.

அடுத்து மில்லு மூடினா படிப்பு எதுக்குங்கற கேள்வி. ரோடியர், சவானா, கெப்ளே மூணும் வேற வேற பேர்ல ஓடி ஓடி 2020ல மொத்தமா நின்னுடுச்சு, உண்மைதான், மில்லு சங்கு கேட்டு வளந்த முதலியார்பேட்டைக்காரங்களுக்கு அது எவ்ளோ வலின்னு எனக்குத் தெரியும். ஆனா அதே புதுச்சேரில 2021-22 கணக்குப்படி காலேஜ் வயசுல இருக்கறவங்க எண்ணிக்கைக்கு நூத்துக்கு 61 பேருக்கு மேல உயர்கல்வில சேர்ந்திருக்காங்க, தமிழ்நாட்டுல 47, மொத்த இந்தியாவுல 28தான். மில்லு போன பிறகும் படிப்பு நிக்கல. பழைய மில்லு மாதிரி படிப்பே வேணாம்ங்கற வேலை இனிமே வந்தாலும் அது கூலிக்கு அடிமாட்டு விலை வைக்கற வேலையாத்தான் இருக்கும், பண்ருட்டி பக்கம் முந்திரிக்கொட்டை உடைச்சு கையில பால் பட்டு கருத்துப்போன பொம்பளைங்கள கேட்டுப் பாருங்க, தன் பொண்ணு இந்த வேலைக்கு வரக்கூடாதுன்னுதான் சொல்வாங்க.

நெஜமான பிரச்சனை வேற, இத நான் வருத்தத்தோடதான் சொல்றேன். படிப்பு ஓடி முன்னாடி போயிடுச்சு, அதுக்குத் தகுந்த வேலை நம்ம பக்கத்துல வரல. டிப்ளமோ முடிச்சவன் காண்ட்ராக்ட்ல எட்டாவது படிச்சவன் வேலைய செய்யறான், இல்லன்னா ஓசூர் பஸ் ஏறறான். இத வச்சு படிப்ப குத்தம் சொல்றவங்க மேல எனக்கு கோவம் வருது, குறிப்பா வீட்டுல முதல் தலைமுறையா படிக்கற புள்ளைங்க காதுல இந்த மாதிரி வீடியோ விழறப்போ. நாலு தலைமுறையா காலேஜ் பார்த்த வீட்டுல யாரும் இத நம்பி புள்ளைய நிறுத்த மாட்டாங்க, நம்ம வீட்டுலதான் நிறுத்துவாங்க.

தம்பி நீங்க இப்ப என்ன பண்ணணும்னா, பாலிடெக்னிக்ல ட்ராயிங்கையும் அளவெடுக்கறதையும் மார்க்குக்காக இல்லாம கைக்கு வர்ற வரைக்கும் பழகிக்குங்க. முடிச்ச உடனே சும்மா இருக்காம அப்ரண்டிஸ் பதிவு பண்ணுங்க, 1961 சட்டப்படி ஓரளவு பெரிய கம்பெனிங்க அப்ரண்டிஸ் எடுத்தே ஆகணும், டிப்ளமோக்காரங்களுக்கு சென்னை தரமணில தென் மண்டல அப்ரண்டிஸ் போர்டு இருக்கு, ஆன்லைன்லயே பதியலாம், ஒரு வருஷம், ஸ்டைபெண்டும் உண்டு. உங்க கூட ஐ.டி.ஐ. போன பசங்க இருந்தா அவங்களுக்கு வேற போர்ட்டல், அதையும் அவங்களுக்கு சொல்லிடுங்க, எட்டாவதோட நின்ன பையன் இருந்தாலும் வெல்டர், வயர்மேன் ட்ரேடுல இன்னும் எடம் உண்டு.